குளிர்காலத்தில் சைக்கிள் ஓட்டுவோர் கைகளைக் காத்துக்கொள்வது எப்படி?

(ஒரு கூட்டுறவு இன்ஸ்பெக்டர்)

உழைத்து உண்பவனுக்கு முதற்பொருள் அவனுடைய கைகளே ஆகும். நெசவாளரின் கை நாடாவைச் செலுத்துகிறது. அறுந்த இழையைக் கண்ணுக்குப் புலப்படாத முடியால் இணைக்கிறது. தேயிலை விவசாயியின் கை இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கொழுந்தைத் தேர்ந்து கிள்ளுகிறது. இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்யும் விரல்கள், மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் சைக்கிள் ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் சென்றபின் என்ன நிலையை அடைகின்றன என்பதைப் பற்றி நாம் அதிகமாகச் சிந்திப்பதில்லை. குளிர் என்றால் மார்பையும் தலையையும் மூடிக்கொள்கிறோம். கைகளை அவற்றின் விதிக்கு விட்டுவிடுகிறோம்.

சமவெளியில் வாழும் அங்கத்தினர்களுக்கு இவ்விஷயம் அவ்வளவு அவசரமானதாகத் தோன்றாமல் இருக்கலாம். காஞ்சிபுரத்திலோ ஈரோட்டிலோ அடிக்கும் பனி, விரலை மரக்கச் செய்யும் அளவுக்கு வருவதில்லை. ஆனால் நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உள்ள நம் விவசாயச் சகோதரர்களுக்கு இது ஆண்டுதோறும் வரும் சங்கடம். நம் அங்கத்தினர்களின் பிள்ளைகளிலும் பலர் டில்லி, பஞ்சாப் முதலிய வட பிரதேசங்களிலும், அதற்கு அப்பால் ஐரோப்பிய நாடுகளிலும் படிப்பையும் வேலையையும் நாடிச் சென்றிருக்கிறார்கள். அவர்களுள் சைக்கிளில் போய் வருகிறவர்கள் உண்டு. மலையில் இன்று சைக்கிளைவிட மோட்டார் இருசக்கர வண்டிகளே அதிகம் என்பது உண்மைதான். எனினும் குளிரின் விதி இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே இதனைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

கை ஏன் முதலில் குளிர்கிறது?

நம் தேகத்தின் உள்ளுறுப்புகள் ஏறக்குறைய 37 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். வெளியே குளிர் மிகும்போது தேகம் ஒரு கண்டிப்பான குடும்பத் தலைவரைப் போல நடந்துகொள்கிறது. இருதயம், நுரையீரல், மூளை ஆகியவற்றுக்கே முதற்பங்கு. கை, கால் விரல்களுக்குச் செல்லும் மெல்லிய இரத்தக் குழாய்களைச் சுருக்கி, அங்கே போகும் வெதுவெதுப்பான இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. விரலுக்குத் தன் சொந்த உஷ்ணம் மிகச் சொற்பம். இரத்தம் கொண்டுவரும் சூட்டை வாங்கித்தான் அது பிழைக்கிறது. வரவு குறைந்தால் விரல் குளிர்கிறது.

விரலின் அமைப்பும் இதற்கு ஏற்றதாகவே இருக்கிறது. பருமன் குறைவு, வெளிப்பரப்பு அதிகம். ஒரு படி வெந்நீரைக் குடத்தில் வைத்தால் மெதுவாக ஆறும். அதையே தாம்பாளத்தில் பரப்பி வைத்தால் விரைவில் ஆறிவிடும் அல்லவா? நம் மார்பு குடம்; விரல்கள் தாம்பாளம்.

நடந்து செல்பவன் கைகளை வீசிக்கொண்டும், தேய்த்துக்கொண்டும், மடியில் செருகிக்கொண்டும் போகலாம். சைக்கிள் ஓட்டுபவனுக்கு அந்த வசதி இல்லை. அவனுடைய கால்கள் உழைத்துச் சூடேறுகின்றன; கைகளோ அசையாமல் ஒரே இடத்தில், தேகத்துக்கு முன்னே நீட்டப்பட்டு, காற்றை முதலில் எதிர்கொள்ளும் காவற்காரர்களைப் போல நிற்கின்றன. உலோகத்தாலான ஹாண்டிலும் பிரேக் பிடியும் கைச்சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கின்றன. பிடியை இறுக்கிப் பிடிப்பதால் விரலிடுக்கில் இரத்த ஓட்டமும் தடைப்படுகிறது. இத்தனையும் சேர்ந்துதான் பனிக்காலச் சைக்கிள்காரனின் கை மற்றவர் கையைவிட விரைவில் மரத்துப் போகிறது.

இயற்கை ஒரு சிறு சலுகையும் அளித்திருக்கிறது. விரலைப் பனிக்கட்டி நீரில் வைத்தால், சுருங்கிய குழாய்கள் ஐந்து முதல் பத்து நிமிஷங்களுக்குப் பின் தாமே சற்று விரிந்து, ஒரு சூட்டலையை அனுப்பி, மறுபடியும் சுருங்குவதை பிரிட்டிஷ் மருத்துவ அறிஞர் தாமஸ் லூயிஸ் 1930-இல் எடுத்துக் காட்டினார். விரல் அழுகிப் போகாமல் இருக்கத் தேகம் அவ்வப்போது அளிக்கும் கடன் தவணை இது எனலாம். ஆனால் தேகம் முழுவதும் குளிர்ந்துபோனவனுக்கு இந்தத் தவணையும் குறைந்துவிடும். கையைக் காப்பாற்ற விரும்புகிறவன் மார்பையும் முதுகையும் முதலில் காக்க வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

காற்று செய்யும் வேலை

மலை விவசாயிகள் ஒன்றை நன்கு அறிவார்கள். உறைபனி விழுவது, மேகமும் காற்றும் இல்லாத அமைதியான இரவில். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே பள்ளத்துத் தேயிலைதான் முதலில் கருகும். சைக்கிளில் செல்பவனுக்கும் இதே அனுபவம் உண்டு. மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும்போது ஏதோ குளத்தில் இறங்கியதைப் போலக் குளிர் சூழ்ந்துகொள்ளும்.

ஆனால் செடிக்கும் அவனுக்கும் ஒரு வேற்றுமை இருக்கிறது. செடி நின்ற இடத்தில் நிற்கிறது. சைக்கிள்காரனோ தனக்கு வேண்டாத காற்றைத் தானே உண்டாக்கிக்கொண்டு போகிறான். நம் தேகத்தை ஒட்டி மெல்லிய ஒரு வெதுவெதுப்பான காற்றுப் படலம் எப்போதும் இருக்கிறது. வீசும் காற்று அதைத் துடைத்து எடுத்துவிடுகிறது. புதிய குளிர்காற்று அந்த இடத்துக்கு வர, தோல் மறுபடியும் தன் சூட்டைச் செலவிட நேருகிறது.

இதை அளந்து பார்த்தவர்கள் இருவர். பால் சைப்பிள், சார்லஸ் பாசெல் என்ற அமெரிக்கர்கள், தென் துருவப் பிரதேசத்தில் ஓர் உருளையில் நீரை நிரப்பி வெளியே தொங்கவிட்டு, பலவிதக் காற்றுவேகங்களில் அது உறைவதற்கு எவ்வளவு நேரமாகிறது என்று கணக்கெடுத்து, 1945-இல் வெளியிட்டார்கள். அக்கணக்கு 2001-இல் திருத்தப்பட்டு அமெரிக்காவிலும் கனடாவிலும் வழக்கத்தில் உள்ளது. அதன்படி, காற்றின் உஷ்ணம் 5 டிகிரியாக இருக்கையில் மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மோதினால் திறந்த முகத்துக்கு 1 டிகிரியைப் போல் தோன்றும். 30 கிலோமீட்டர் வேகமானால் 0 டிகிரியைப் போல் தோன்றும். காற்று 0 டிகிரியாக இருந்து 20 கிலோமீட்டர் வேகத்தில் மோதினால், உறைநிலைக்குக் கீழே 5 டிகிரியைப் போல் இருக்கும். மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்கு 15 கிலோமீட்டர் எதிர்க்காற்றும் சேர்ந்தால், அவன் கைமேல் மோதும் காற்றின் வேகம் 30 ஆகிவிடுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும்.

இங்கே ஒரு தெளிவு தேவை. காற்று எவ்வளவு வீசினாலும், உலர்ந்த பொருளைக் காற்றின் உஷ்ணத்துக்குக் கீழே குளிரவைக்க அதனால் முடியாது. சூடு போகும் வேகத்தைத்தான் அது அதிகமாக்கும். கையோ, கையுறையோ நனைந்திருந்தால் கதை வேறு. மண்பானையில் நீர் எவ்வாறு குளிர்கிறதோ, அவ்வாறே நனைந்த துணியிலிருந்து ஈரம் ஆவியாகும்போது கையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. கஞ்சி போட்ட பாவு காற்றடிக்கும் நாளில் எவ்வளவு விரைவாகக் காய்கிறது என்பது நெசவாளர்களுக்குத் தெரியும். அதே காற்று, அதே வேகத்தில் நனைந்த கையையும் காய வைக்கிறது; அந்தக் காய்ச்சலுக்கான செலவைக் கைதான் கொடுக்கிறது.

பிரேக்கும் விரலும்

"சற்றுக் குளிர்ந்தால் என்ன? வீடு சேர்ந்ததும் அடுப்பருகில் காட்டினால் சரியாகிவிடும்" என்று சொல்வோர் உண்டு. வலி ஒன்றே விஷயமானால் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. விரல் குளிர்ந்தால் பிரேக் குளிர்ந்தது என்று பொருள்.

விரல்களை மடக்கும் பெரிய தசைகள் விரலில் இல்லை. முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையே இருக்கின்றன. அங்கிருந்து நீண்ட நாண்கள் மணிக்கட்டின் வழியாக விரலுக்குச் செல்கின்றன, தறியின் கயிறுகளைப் போல. முன்கை குளிர்ந்தால் பிடியின் பலம் குறைகிறது. விரலின் தோல் ஏறக்குறைய 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் நுண்ணிய வேலைகள் தடுமாறத் தொடங்குகின்றன. 8 டிகிரியை நெருங்கும்போது தொட்டறியும் உணர்ச்சியே மங்கிவிடுகிறது. பிரேக் பிடியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது நமக்கே தெரியாமல் போகிறது. சிலர் போதாமல் அழுத்தி, வண்டி நிற்காமல் போவார்கள். சிலர் மிகையாக அழுத்தி, முன்சக்கரம் இறுகிக் கவிழ்ந்துபோவார்கள்.

மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும் சைக்கிள் ஒரு விநாடியில் 8 மீட்டருக்கு மேல் கடக்கிறது. மரத்த விரல் பிரேக்கைப் பற்ற ஒரு விநாடி தாமதித்தால், அந்த 8 மீட்டரில் ஒரு கொண்டை ஊசி வளைவின் விளிம்பு இருக்கலாம், மாடு இருக்கலாம், பள்ளிக்குச் செல்லும் குழந்தை இருக்கலாம். உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய பாதையில் ஒவ்வொரு வளைவிலும் விரல் சொன்னபடி கேட்க வேண்டும்.

மலைப்பாதையில் மற்றொரு சூழ்ச்சியும் உண்டு. ஏறும்போது வியர்க்கிறது, குளிர் தெரிவதில்லை, சிலர் மேலாடையைக் கழற்றிவிடுகிறார்கள். உச்சியை அடைந்து இறங்கத் தொடங்கியதும் கால்களுக்கு வேலை இல்லை, வேகம் இருமடங்காகிறது, வியர்வையில் நனைந்த ஆடையில் காற்று புகுகிறது. கைக்கு அதிக வேலை உள்ள நேரமும், கைக்குச் சூடு மிகக் குறைவாகக் கிடைக்கும் நேரமும் ஒன்றாகவே அமைகின்றன.

கவியா மலையில் நடந்தது

இதற்கு உலகம் அறிந்த உதாரணம் ஒன்று உண்டு. இத்தாலி நாட்டைச் சுற்றி ஆண்டுதோறும் ஒரு நெடுந்தூரச் சைக்கிள் பந்தயம் நடைபெறுகிறது. 1988-ஆம் ஆண்டு ஜூன் 5-ஆம் நாள், அப்பந்தயம் ஆல்ப்ஸ் தொடரில் 2600 மீட்டருக்கு மேல் உயர்ந்த கவியா கணவாயைக் கடந்து போர்மியோ என்ற ஊருக்குச் செல்ல வேண்டியிருந்தது. கோடைக்காலமாயினும் அன்று மலைமேல் பனி கொட்டியது.

உலகத்தின் தேர்ந்த வீரர்கள் அவர்கள். தேக பலத்தில் ஒருவருக்கொருவர் இளைத்தவர்கள் அல்லர். கணவாயின் உச்சியை முதலில் அடைந்தவர் வான் டெர் வெல்டே என்ற டச்சு வீரர். அரைக்கைச் சட்டையோடு, கொட்டும் பனியில், அனைவருக்கும் முன்னால் அவர் ஏறி முடித்தார். ஏற்றத்தில் உழைப்பின் சூடு அவரைக் காத்தது. ஆனால் அப்பால் ஏறக்குறைய 25 கிலோமீட்டர் இறக்கம் இருந்தது. இறங்கத் தொடங்கியதும் குளிர் அவரை முடக்கிவிட்டது. வழியில் நின்று ஒதுங்கித் தேகத்தைச் சூடாக்கிக்கொள்ள நேர்ந்தது. முக்கால் மணி நேரத்துக்கும் மேல் பின்தங்கிப் போனார்.

அமெரிக்கரான ஆண்டி ஹாம்ப்ஸ்டனின் குழுவினரோ, மேலே பனி பெய்வதை முன்னதாகவே கேட்டறிந்து, பனிச்சறுக்கு விளையாட்டுக்கான கடைகளில் கம்பளி ஆடைகளும் கையுறைகளும் வாங்கி வைத்தனர். உச்சிக்கு அருகே உலர்ந்த உடையும் சூடான தேநீரும் கொடுக்க ஆட்களை நிறுத்தினர். நீரில் மூழ்குவோர் அணியும் ரப்பர்ப் பஞ்சுக் கையுறையை ஹாம்ப்ஸ்டன் அணிந்திருந்தார். ஏறும்போது வியர்த்தாலும் அதைக் கழற்றுவதில்லை என்று உறுதி செய்துகொண்டார். அன்றைய ஓட்டத்தில் எரிக் பிரோய்கிங்க் என்ற மற்றொரு டச்சு வீரர் முதலாவதாகவும், ஹாம்ப்ஸ்டன் இரண்டாவதாகவும் வந்தனர். முன்னிலை ஹாம்ப்ஸ்டனுக்குக் கிடைத்தது; அந்த ஆண்டின் முழுப் பந்தயத்தையும் அவரே வென்றார். கையுறை ஒன்றுதான் அவரை வெற்றி பெறச் செய்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் காலின் பலத்தால் வென்ற மலையை, கையின் குளிரால் ஒருவர் இழக்க முடியும் என்பது அங்கே வெளிப்பட்டது. ஏற்றத்தின் அடிவாரத்திலேயே இறக்கத்தை நினைத்து ஆயத்தம் செய்தவர்கள் நிலைத்து நின்றார்கள்.

எந்த இழை நல்லது?

இப்போது நம் நெசவாளர்களுக்கு நன்கு பழக்கமான துறைக்கு வருவோம். கையுறை சூட்டை உண்டாக்குவதில்லை. இளந்தேயிலைச் செடியின்மேல் பரப்பும் தழை எவ்வாறு தானாகச் சுடாமல், உள்ள சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறதோ, கையுறையும் அவ்வாறே. அவ்வேலையைச் செய்வது உண்மையில் துணி அன்று. இழைகளுக்கிடையே சிறைப்பட்டு அசையாமல் நிற்கும் காற்று. நீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு எளிதாகச் சூட்டைக் கடத்தும். ஆகவே இழைகளுக்கிடையே காற்றிருந்த இடத்தில் நீர் புகுந்துவிட்டால் கையுறை தன் குணத்தை இழந்துவிடும்.

நூல் கொள்முதலில் ஈரக் கணக்கு பார்க்கும் சங்கங்களுக்கு இது தெரிந்ததே: முற்றிலும் உலர்ந்த 100 கிலோ பருத்தி நூல் சாதாரண அளவான ஈரக்காற்றில் ஏறக்குறைய 8½ கிலோ ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பட்டு 11 கிலோ. கம்பளி 16 கிலோ அளவு. பாலியெஸ்டர் அரைக் கிலோவுக்கும் குறைவு. இக்கணக்கைப் பார்த்தால் கம்பளிதான் மிக ஈரமானது என்று தோன்றும். ஆனால் கம்பளி அந்த ஈரத்தை இழையின் உள்ளே வாங்கி வைத்துக்கொள்கிறது. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை ஏற்றும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஈரத்தை வாங்கும்போது சிறிது சூட்டையும் வெளிவிடுகிறது. அதன் இழை சுருள் சுருளாக இருப்பதால் நனைந்த பிறகும் படிந்துவிடாமல் காற்றை ஓரளவு தக்கவைத்துக்கொள்கிறது.

பருத்தி நமக்குச் சோறு போடும் இழை. அதைக் குறை கூற எனக்கு மனம் வராது. கோடையில் அதற்கு நிகர் இல்லை. வியர்வையை உறிஞ்சி, பரப்பி, ஆவியாக்கித் தேகத்தைக் குளிர்விப்பது அதன் பெருமை. அந்தப் பெருமையே குளிர்காலத்தில் குறையாகிறது. நனைந்த பருத்தி இழை படிந்து ஒட்டிக்கொள்ளும், மெதுவாகவே காயும். ஆகவே வியர்க்கும் கைக்கோ மழையில் செல்லும் கைக்கோ பருத்திக் கையுறை ஏற்றதன்று. உலர்ந்த, இலேசான குளிருக்கு அது போதும்.

நல்ல ஏற்பாடு மூன்று அடுக்காக அமையும். தோலையொட்டி மெல்லிய பட்டோ, மெல்லிய கம்பளியோ, பாலியெஸ்டரோ ஓர் உள்ளுறை. அதன்மேல் பின்னல் கம்பளிக் கையுறை. எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத மெல்லிய உறை. பின்னல் கம்பளி எவ்வளவு தடித்திருந்தாலும் அதன் கண்களின் வழியே காற்று பாய்ந்துவிடும். மேலுறை இல்லாத கம்பளி, கதவில்லாத வீடு போன்றது.

நீலகிரியில் ஒரு சங்கத்துக்கு மேற்பார்வைக்குச் சென்றிருந்தபோது, பச்சைத் தேயிலை கொண்டுவந்த பெரியவர் ஒருவர் தம் கைகளைக் காட்டி, "கடையில் தடிமனானதாகப் பார்த்துத்தான் வாங்கினேன் ஐயா, போட்டுக்கொண்டால் முன்னைவிடக் குளிருகிறதே!" என்றார். அக்கையுறைக்குள் அவர் ஏற்கனவே வேறொரு கையுறை அணிந்திருந்தார். இரண்டும் சேர்ந்து விரலை அமுக்கிக்கொண்டிருந்தன. "பெரியவரே, உள்ளே இருப்பதைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்" என்றேன். சிறிது நேரத்தில் விரலுக்கு இரத்தம் வந்தது. தடிமனைக் காட்டிலும் தளர்ச்சி முக்கியம். விரலை உள்ளே அசைக்க முடியாத கையுறை, இரத்தத்தையும் உள்ளே விடாது. காற்று நிற்கவும் இடம் தராது.

உறையின் வடிவம்

ஒவ்வொரு விரலுக்கும் தனி வீடு கட்டினால் ஒவ்வொன்றும் தனித்தனியே குளிரும். நான்கு விரல்களும் ஒரே அறையில் இருந்தால் ஒன்றின் சூடு மற்றொன்றுக்கு உதவும். கட்டைவிரல் மட்டும் பிரிந்து, மற்ற நான்கும் சேர்ந்திருக்கும் கையுறைகளைப் பனி நாட்டார் விரும்பி அணிவதற்கு இதுவே காரணம். ஆனால் பிரேக் பிடிக்க அவை சற்று இடைஞ்சல். ஆகவே இரண்டிரண்டு விரல்களாகச் சேர்த்து, நண்டின் கொடுக்கைப் போல் தைத்த கையுறைகள் சைக்கிள்காரர்களுக்கென்றே வந்திருக்கின்றன. சூடும் கிடைக்கும், இரண்டு விரலால் பிரேக்கும் பிடிக்கலாம்.

இவற்றைவிட எளியதும் சிறந்ததுமான முறை ஒன்று உண்டு: உறையைக் கைக்கு அணியாமல் ஹாண்டிலுக்கே அணிவது. தை மாதத்தில் ஒருமுறை பஞ்சாபில் லூதியானா நகரத்துக்குச் சென்றிருந்தேன். கம்பளிப் பின்னல் ஆடைக்கும் சைக்கிளுக்கும் ஒருங்கே பெயர்பெற்ற ஊர் அது. ஹீரோ சைக்கிள் தொழிற்சாலை 1956-இல் தொடங்கப் பெற்றதும் அங்கேதான். மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத காலையில், இருசக்கர வண்டிகளின் ஹாண்டிலின் இருபுறமும் பை போன்ற உறைகள் கட்டியிருப்பதைக் கண்டேன். ஓட்டுபவர் கையை அதற்குள் நுழைத்துக்கொள்கிறார். பிடியும், பிரேக்கும், கையும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. காற்று கையைத் தொடுவதே இல்லை. உள்ளே மெல்லிய கையுறையே போதும். பிரேக்கும் தடையின்றி இயங்கும். சீனத்திலும் மின்சார ஸ்கூட்டர் ஓட்டுவோர் குளிர்காலத்தில் மார்பையும் கையையும் சேர்த்து மறைக்கும் மெத்தை போன்ற திரையை முன்னால் கட்டிக்கொள்கிறார்கள்.

துருவ வட்டத்துக்கு அருகே பின்லாந்தில் ஊலு என்ற நகரம் இருக்கிறது. அங்கே உறைநிலைக்குக் கீழே 20 டிகிரி குளிரிலும் குழந்தைகள் பள்ளிக்குச் சைக்கிளில் போகிறார்கள். குளிர்காலச் சைக்கிள் பயணத்தைப் பற்றிய முதல் சர்வதேச மாநாடு 2013-இல் அந்நகரத்தில்தான் கூடியது. நம்மைவிடக் குளிரைத் தாங்கும் விசேஷத் தேகம் அவர்களுக்கு வாய்த்துவிடவில்லை. பாதையைப் பனி அகற்றிப் பராமரிப்பதும், ஏற்ற உடை அணிவதும் அங்கே ஊர் வழக்கமாகிவிட்டன.

ஹாண்டில் உறையை வீட்டிலேயே தைக்கலாம். உள்ளே பழைய கம்பளித் துண்டு. வெளியே ரெக்சின் அல்லது நீர் புகாத துணி. ஒரு முனை ஹாண்டிலைச் சுற்றி இறுகக் கட்டப்பட வேண்டும். மறுமுனை கை எளிதாக நுழையவும், விழ நேர்ந்தால் உடனே வெளிவரவும் அகன்றிருக்க வேண்டும். பிரேக் பிடி முழுவதும் விரிவதற்கு உள்ளே இடம் இருக்கிறதா, துணி அதில் சிக்குகிறதா என்பதை வண்டியை நிறுத்தி வைத்தே பலமுறை சோதித்துப் பார்த்தபின் பாதையில் இறங்க வேண்டும்.

அன்றாடம் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, சூடான கையோடு புறப்பட வேண்டும். வாசலில் நின்று குளிர்ந்துவிட்ட கையைக் கையுறைக்குள் விட்டால், அது குளிரைத்தான் பத்திரமாக வைத்திருக்கும். இரவில் கையுறையை வண்டியோடு விடாமல் வீட்டுக்குள் உலர்ந்த இடத்தில் வைக்கவும்.

இரண்டாவதாக, மணிக்கட்டை மறக்கலாகாது. விரலுக்குச் செல்லும் இரத்தம் அங்கே தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. சட்டைக் கைக்கும் கையுறைக்கும் இடையே இரண்டு அங்குலம் திறந்திருந்தால் வரும் இரத்தம் வழியிலேயே குளிர்ந்துவிடும். பழைய கம்பளிக் காலுறையின் முன்பகுதியை வெட்டிவிட்டு, மணிக்கட்டிலிருந்து முன்கை வரை அணிந்துகொண்டால் காசு செலவில்லாத நல்ல காப்பாகும்.

மூன்றாவதாக, மார்பில் காற்று புகாமல் தடுக்க வேண்டும். ஐரோப்பியப் பந்தய வீரர்கள் மலையுச்சியில் ஒரு செய்தித்தாளை வாங்கிச் சட்டைக்குள் மார்பின்மேல் செருகிக்கொண்டு இறங்குவது நெடுநாள் வழக்கம். நான்கைந்து தாள்கள் நல்ல காற்றுத் தடுப்பாகும். படித்த பத்திரிகைக்கு இதைவிட நற்பயன் வேறில்லை.

நான்காவதாக, பிரேக் பிடியின் உலோகத்தில் துணி நாடாவோ ரப்பரோ சுற்றிவிடலாம். பிரேக் கம்பிக்கு எண்ணெயிட்டு, சிறிய அழுத்தத்தில் பிடிக்கும்படி சரிசெய்துகொள்ள வேண்டும். பலமான கைக்குப் போதுமான பிரேக், குளிர்ந்த கைக்குப் போதாது.

ஐந்தாவதாக, மலையுச்சியில் இறங்குமுன் ஐந்து நிமிஷம் நிற்க வேண்டும். வியர்வையில் நனைந்த கையுறையைக் கழற்றிவிட்டு, பையிலுள்ள உலர்ந்த கையுறையை அணிய வேண்டும். இரண்டு கைகளையும் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்றினால் இரத்தம் விரல்நுனிக்குத் தள்ளப்படும். பிறகு கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்க்கவும். தொட முடியாவிட்டால் அந்தக் கையை நம்பி இறங்கலாகாது.

சில எச்சரிக்கைகள்

மரத்துப்போன கையை நெருப்புக்கு நேரே காட்டுவதும், கொதிக்கும் நீரில் விடுவதும், பலமாகத் தேய்ப்பதும் தவறு. உணர்ச்சியற்ற விரலுக்குச் சுடுவது தெரியாது, புண்ணாகிவிடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு இது மேலும் ஆபத்து. சாதாரணமாகக் குளிர்ந்த கைக்கு அக்குள் அல்லது வயிற்றின் சூடே சிறந்த மருந்து. பனிநாடுகளில் விரல் உறைந்து வெளுத்து மரக்கட்டை போலாகிவிட்டால், மறுபடியும் உறைய இடமில்லாத இடத்துக்கு வந்து, 37 முதல் 39 டிகிரி வரையிலான வெதுவெதுப்பான நீரில் வைத்து, உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். சூடு திரும்பும்போது வலி தோன்றுவது இயற்கை.

புகை பிடிப்பது விரலின் இரத்தக் குழாய்களைச் சுருக்கும். மது, தோலுக்குச் சூடு வந்ததைப் போல் காட்டிவிட்டு, தேகத்தின் உள்சூட்டை வெளியே விட்டுவிடும். மலைப்பாதையில் வேறு கேடுகளும் அதனால் உண்டு. இலேசான குளிரிலேயே விரல்கள் வெளுத்து, பிறகு நீலமாகி, அதன்பின் சிவந்து வலிப்பவர்கள் சிலர் இருக்கிறார்கள். மோரிஸ் ரெய்னோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-இல் விவரித்த நிலை இது. அவர்கள் அதைப் பலவீனம் என்று மறைக்காமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

சங்கங்கள் செய்யக்கூடியது

தனி ஒருவர் ஒரு ஜோடி கையுறை வாங்கினால் கடைக்காரர் சொன்ன விலை. நூறு அங்கத்தினர்களுக்காகச் சங்கம் வாங்கினால் சங்கம் பேசிய விலை. மலைச் சங்கங்கள் ஐப்பசி மாதத்திலேயே தேவையைக் கணக்கெடுத்து, கம்பளிக் கையுறைகளை மொத்தமாகத் தருவித்துக் கொடுக்கலாம். ஹாண்டில் உறைகளைத் தைத்துத் தர மகளிர் தையல் சங்கங்கள் முன்வரலாம். இதற்குப் பெரிய மூலதனம் எதுவும் வேண்டியதில்லை.

அதுவரையில், ஒவ்வோர் அங்கத்தினரும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. விடியற்காலையில் வண்டியை எடுக்கும்போது சக்கரத்தில் காற்று இருக்கிறதா என்று அழுத்திப் பார்க்கிறோம்; மணி அடிக்கிறதா என்று பார்க்கிறோம். அதோடு, பிரேக்கைப் பிடிக்கப் போகும் விரல்களையும் ஒருமுறை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொள்வோமாக. தறியிலும் தோட்டத்திலும் அன்றைய நாள் முழுவதும் நமக்காக உழைக்க வேண்டியவை அவையே. வீட்டில் நம்மை எதிர்பார்த்திருப்பவர்களிடம் மாலையில் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டியவையும் அவையே.